பரியும் சூதும் அறிந்த பிரபு

நளன் சரிதையைப் பாடஞ் சொல்லும்போது மாணாக்கர் தவறாது எழுப்பும் வினா ஒன்றுண்டு. சூதிலே நாட்டை இழந்து, கானகத்திலே மனைவியைப் பிரிந்து, பிறனொருவனுக்குத் தேரோட்டியாய்த் தாழ்ந்த நளன், இருதுபன்னனுக்குத் தன் பரிநூலறிவைக் கொடுத்து, அதற்கு மாற்றாகச் சூதின் நுட்பத்தைப் பெற்றுக்கொள்கிறான். பெற்ற அப்பொழுதே கலி அவனை விட்டு நீங்கத் தொடங்குகிறது. எந்த நஞ்சினால் வீழ்ந்தானோ அந்த நஞ்சையே கற்பது எவ்வாறு அவனுக்கு மருந்தாயிற்று என்பதே அவ்வினா.

சென்ற தவணையில் மாணவன் ஒருவன் இதனை வினவியபோது, அவன் குரலிலே பாட ஆர்வத்தின் வேறான ஒன்றைக் கேட்டேன். நம் ஊர்களிலே, கண்ணாற் கண்டறியாத இங்கிலாந்துக் குதிரைகளின் மேல் மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவோர் பலர் உளர். அத்தகைய ஒருவர் அவன் வீட்டிலும் இருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவனுக்கு நான் விடையாகக் கூறியது, குதிரையையும் பந்தயத்தையும் ஒருங்கே அறிந்த ஆங்கிலப் பிரபு ஒருவரின் வரலாறு. அதனையே ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

ஜோர்ஜ் பெண்டிங் பிரபு 1802ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி, போட்லாண்டு நாலாம் கோமகனுக்கு மைந்தராய்ப் பிறந்தார். பெண்டிங் என்னும் பெயர் தமிழர்க்குப் புதிதன்று. 1806இல் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது சென்னையில் ஆளுநராயிருந்தவரும், பின்னர் இந்தியாவின் மகா தேசாதிபதியாகி உடன்கட்டை ஏறும் வழக்கத்தைச் சட்டத்தால் ஒழித்தவருமாகிய வில்லியம் பெண்டிங் பிரபு, இவருடைய சிறிய தந்தையார். தாய் வழியில் உறவினரான ஜோர்ஜ் கனிங் என்னும் அரசியல் அறிஞரிடம் இவர் இளமையிற் செயலாளராய்ப் பணிபுரிந்தார். 1828 முதல் இறக்கும் வரையிலும் பாராளுமன்ற உறுப்பினராயிருந்தார். எனினும் முதற் பதினெட்டு ஆண்டுகளில் அச்சபையிலே அவர் வாய் திறந்தது அரிது. இரவிலே வாக்களிக்க வேண்டிய வேளையில், வேட்டைக்குரிய செவ்வுடையின் மேல் ஒரு மேலங்கியைப் போர்த்துக்கொண்டு வந்து, வாக்களித்து மீள்வார். அவர் உள்ளமெல்லாம் பந்தயத் திடலிலேயே கிடந்தது.

அத்திடல் அவருக்குக் கற்பித்த முதற்பாடம் கடியது. 1826ஆம் ஆண்டு டொன்காஸ்டர் நகரிலே நிகழ்ந்த செயின்ற் லெஜர்ப் பந்தயத்தில் அவர் 25,000 பவுணுக்கு மேல் இழந்தார். அக்காலத்து ஒரு தொழிலாளி தன் வாழ்நாள் முழுவதும் உழைத்தும் திரட்டவியலாத செல்வம் அது. குடும்பத்தார் கைகொடுத்துக் கடனை அடைத்தனர். தந்தையார் மகன் மீண்டும் பந்தயத்தை நாடலாகாது என்று விரும்பினார். மகனோ நாடுதலை விட்டிலர்; நாடுவதை மறைக்கக் கற்றார். நண்பர் பெயராலும் உறவினர் பெயராலும் தம் குதிரைகளை ஓடவிட்டார்.

அந்நாளைய பந்தயத் திடலின் நிலையைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். பெரும் பந்தயங்களுக்குரிய பணயம் பல மாதங்களுக்கு முன்னரே கட்டப்படும். கட்டிய குதிரை ஓடாதொழியினும் பணம் மீளாது. ஆதலின், ஒரு குதிரை தோற்பதனாற் பெறும் ஊதியத்தை, அது திடலுக்கு வாராது நின்றுவிடுவதனாலும் பணயம் பிடிப்போர் பெறலாயினர். இவ்விதியின் இடுக்கிலே எத்துணையோ தீமைகள் முளைத்தன. குதிரையோட்டிகள் கைக்கூலி பெற்றனர். லாயத்துச் செய்திகள் விற்கப்பட்டன. குடிக்கும் நீரிலே நஞ்சு கலக்கப்பட்டது. நியூமார்க்கெட்டிற் குதிரைகளுக்கு நஞ்சிட்ட குற்றத்துக்காக டானியல் டோசன் என்பவன் 1812இல் தூக்கிலிடப்பட்டான். 1827இலே செயின்ற் லெஜர்ப் பந்தயத்தில், அவ்வாண்டு டேர்பி வென்ற மமலூக் என்னும் குதிரையை வேண்டுமென்றே பல பொய்த் தொடக்கங்களால் வெறிகொள்ளச் செய்து பின்தங்கவிட்டனர்.

இச்சூழலில் செய்தியே செல்வம் என்பதைப் பெண்டிங் பிரபு தெளிந்தார். 1836ஆம் ஆண்டு எலிஸ் என்னும் அவருடைய குதிரை, லிச்பீல்டு பிரபுவின் பெயரால் செயின்ற் லெஜருக்கு நின்றது. குதிரைகள் பந்தய ஊருக்கு நடந்தே செல்லுங் காலம் அது. இங்கிலாந்தின் தென்கோடியிலுள்ள குட்வூட்டிலிருந்து வடபாலுள்ள டொன்காஸ்டருக்கு நடக்க ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கையிலும் எலிஸ் தன் லாயத்திலேயே நிற்கின்றது என்ற செய்தி, பணயம் பிடிப்போருக்கு எட்டியது. செய்தி மெய்யே. ஆயின் அதிலிருந்து அவர்கள் கொண்ட முடிபு பொய். குதிரை வாராது எனத் துணிந்து அவர்கள் விலையை ஏற்றினர். பிரபு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் விகிதத்திற் பெரும்பணயம் கட்டினார் என்பர். பின்னர், உள்ளே மெத்தை தைத்த பெருவண்டியொன்றில் எலிஸை ஏற்றி, வழி நெடுகிலும் இழுகுதிரைகளை மாற்றி, சில நாட்களிலேயே டொன்காஸ்டரிற் கொண்டுவந்து இறக்கினார். எலிஸ் களைப்பின்றி ஓடி வென்றது. குதிரையை வண்டியில் ஏற்றிப் பந்தயத்துக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் நாட்டிலே பரவியது அதன் பின்னரேயாம். 1840இல் குருசிபிக்ஸ் என்னும் அவருடைய பெண்குதிரை, இரண்டாயிரங் கினி, ஆயிரங் கினி, ஓக்ஸ் ஆகிய மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று, தோல்வி அறியாது ஓய்வு பெற்றது.

இத்துணையே ஆயின் இவர் கைதேர்ந்த ஒரு சூதர் என்று சொல்லி வாளா விடலாம். ஆனால், திடலின் களவுகளை உள்ளிருந்தே கற்ற இவர், அக்கல்வியைக் கொண்டு அத்திடலையே திருத்த முற்பட்டார். ரிச்மண்டு கோமகனுக்கு உரிய குட்வூட் திடலே இவருக்குச் சோதனைக்களமாயிற்று. அதுகாறும் பார்க்க வந்தோருக்கு எது எந்தக் குதிரை என்று அறிய வழியில்லை. இவர் ஒவ்வொரு குதிரைக்கும் எண் கொடுத்து, அதனை அச்சிட்ட அட்டையிலும் உயர்ந்த பலகையிலும் காட்டச் செய்தார். குதிரைகள் குறித்த ஓரிடத்திலேயே சேணம் பூட்டப்பெற்றுப் பார்வையாளர் முன் நடந்து செல்ல வேண்டும் என்றார். கட்டணத்துக்கேற்பப் பார்வையிடங்களை வகுத்தார். தாமதத்துக்கு நிமிடந்தோறும் அதிகாரிக்குத் தண்டம் விதித்தார். பணயத்தில் தோற்றும் கடன் இறுக்காதவர் திடலுள் நுழையலாகாது என்று வற்புறுத்தினார்.

இவற்றுள் தலையாயது கொடித் தொடக்கம். முன்னர், தொடக்குவோன் வாயாற் கூவுவான். கேட்டேன் என்பானும் கேளேன் என்பானுமாய்ச் சவாரிக்காரர் குழப்பம் விளைப்பர். பெண்டிங் பிரபு தொடக்குவோன் கையிற் கொடியைக் கொடுத்து, சவாரிக்காரர் நோக்கும் திசையிலே முன்னால் இன்னொருவனையும் கொடியுடன் நிறுத்தினார். முதற்கொடி தாழ இரண்டாங் கொடியும் தாழும். செவியை நம்பிய இடத்திற் கண்ணை வைத்தமையால், கேட்கவில்லை என்ற சாக்கு ஒழிந்தது.

அவருடைய புகழின் உச்சி 1844ஆம் ஆண்டு. மூன்று வயதுக் குதிரைகளே ஓடுதற்குரிய டேர்பிப் பந்தயத்தில், ரன்னிங் றெயின் என்ற பெயரால் ஒரு குதிரை முந்தி வந்தது. உண்மையில் அது மக்கபேயஸ் என்னும் நான்கு வயதுக் குதிரை. ஓராண்டு மூத்த குதிரையை இளையவற்றோடு ஓடவிடுதல், மேல்வகுப்பு மாணவனைக் கீழ்வகுப்புத் தேர்வில் அமர்த்துதல் போலாம். இரண்டாவதாக வந்த ஒர்லாண்டோவின் உரிமையாளர் கேணல் ஜொனதன் பீல்; அந்நாட் பிரதம மந்திரி சேர் றொபேட் பீலின் உடன்பிறந்தார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. பெண்டிங் பிரபு துப்பறிவோர் போன்று ஊரூராய்த் திரிந்து, அக்குதிரை பிறந்த நாள் முதல் கைமாறிய வழியையெல்லாம் தொடர்ந்து சான்று திரட்டினார். குதிரையின் மயிருக்கு இட்ட சாயம் எக்கடையில் வாங்கப்பட்டது என்பதையும் தேடினார். யூலை மாதத்து விசாரணையில் நீதிபதி அல்டர்சன் குதிரையையே மன்றிற் காட்டுமாறு பணித்தார். பல்லைப் பார்த்தால் வயது வெளிப்படுமன்றோ? குதிரையோ மறைக்கப்பட்டுவிட்டது. வழக்குச் சரிந்தது; ஒர்லாண்டோவே வென்றதாயிற்று. நன்றியறிதலாகத் திரட்டப்பட்ட பணத்தைப் பெண்டிங் பிரபு தமக்கெனக் கொள்ளாது, குதிரைப் பயிற்றுநர், ஓட்டிகள் ஆகியோரின் கைம்பெண்டிர்க்கும் பிள்ளைகளுக்கும் உதவும் நிதியாக்கினார்.

விதியின் போக்கு விந்தையானது. ஈராண்டு கழியுமுன், எந்தப் பீலின் தம்பிக்கு நீதி தேடித் தந்தாரோ அந்தப் பீலையே எதிர்த்து நிற்க நேர்ந்தது. தானிய இறக்குமதி வரியை நீக்கப் பிரதமர் துணிந்தது தம் கட்சிக்கு இழைத்த துரோகம் என்று பெண்டிங் கருதினார். பதினெட்டாண்டு மௌனம் கலைந்தது. டிஸ்ரேலியோடு கூடி எதிரணிக்குத் தலைவராகி, 1846 யூன் மாதத்திற் பீலின் ஆட்சியை வீழ்த்தினார். அவ்வாண்டுக் குட்வூட் பந்தயக் காலத்திலே, நூற்றுக்கு மேற்பட்ட தம் குதிரைகள் யாவற்றையும், குட்டிகள் உட்பட, 10,000 பவுணுக்கு ஒருங்கே விற்றுவிட்டார். நாட்டுக் கருமத்துக்கும் குதிரை லாயத்துக்கும் ஒருவன் ஒருங்கே உண்மையாயிருத்தல் இயலாது என்பது அவர் துணிபு.

அதன்பின் பகலெல்லாம் கணக்கும் புள்ளிவிவரமுமாய் உழைத்தார். உண்டால் உறக்கம் வரும் என்றஞ்சி, நள்ளிரவு வரை உண்ணாதிருப்பார் என்பர். அயர்லாந்திலே பஞ்சம் மிக்க 1847இல், புகையிரதப் பாதை அமைத்து ஏழைகளுக்கு வேலை கொடுக்க 160 இலட்சம் பவுண் கடன் வழங்குமாறு கோரினார், சபை ஏற்கவில்லை. யூதர் பாராளுமன்றத்தில் அமர்தற்குச் சார்பாக வாக்களித்தமையாற் சொந்தக் கட்சியின் வெறுப்புக்கு ஆளாகித் தலைமையையும் துறந்தார். 1848இல் குடியேற்ற நாடுகளின் கரும்பு, கோப்பிச் செய்கையை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். மே மாதம் 22ஆந் திகதி அவர் கொணர்ந்த தீர்மானங்களைக் குழு புறக்கணித்தது. 24ஆந் திகதி எப்சம் திடலிலே டேர்பி ஓடியது. வென்ற குதிரை சேர்ப்பிளிஸ். அஃது அவருடைய குருசிபிக்ஸ் ஈன்ற குட்டி. அவர் லாயத்திற் பிறந்து, அவர் விற்ற கூட்டத்தோடு போன குதிரை. வாழ்நாள் முழுவதும் அவர் அவாவியும் எய்தாத வெற்றி டேர்பி ஒன்றே. மறுநாள் பாராளுமன்ற நூல்நிலையத்திலே அவரைக் கண்ட டிஸ்ரேலி, அவர் நெஞ்சிலிருந்து எழுந்த முனகலைத் தாம் எழுதி 1852இல் வெளிவந்த வரலாற்று நூலிற் குறித்துள்ளார்.

செப்டெம்பரிற் சேர்ப்பிளிஸ் செயின்ற் லெஜரையும் வென்றது. சில நாளில், 21ஆந் திகதி மாலை, தந்தையாரின் வெல்பெக் மாளிகையிலிருந்து அயலிலுள்ள நண்பர் மாளிகைக்கு நடந்து சென்ற பெண்டிங், வழியிற் புல்வெளியிலே மாரடைப்பால் வீழ்ந்து இறந்து கிடந்தார். வயது நாற்பத்தாறு, மணஞ் செய்திலர்.

இவருடைய உறவினரும் ஒருகாற் பந்தயக் கூட்டாளியுமான சார்ள்ஸ் கிரெவில் தம் நாட்குறிப்பில், பிறரிடம் இவர் கடிந்த சூழ்ச்சிகளுக்குத் தாமும் புறம்பானவர் அல்லர் என்று கடுமையாக எழுதினார். அது பகைமொழி என்று முற்றாகத் தள்ளுதற்கில்லை. எலிஸின் வண்டி எவரையும் ஏமாற்றவில்லை என்று யார் சொல்வார்? எனினும், கள்வர் வழியறிந்தவரே காவலுக்குச் சிறந்தார் என்பதற்கு இவர் சான்று. இன்று பந்தயத் திடலிற் காணும் ஒழுங்குகள் பலவற்றின் வேர் குட்வூட்டில் உள்ளது.

மாணவனுக்கு நான் கூறிய முடிபு இது. சூதின் நுட்பத்தை அறிதல் சூதாடுதலன்று. அது, தன்னை வீழ்த்தியது யாதென்று அறிதல். அவ்வறிவே நளனிடமிருந்து கலியை அகற்றியது. ஆயினும் அவ்வறிவுக்கும் ஓர் எல்லையுண்டு. பெண்டிங் பிரபு களவை ஒழித்தார். தற்செயலை ஒழிக்க அவராலும் இயலவில்லை. சேர்ப்பிளிஸின் தாயை வளர்த்தவர் அவர். அக்குட்டி பிறந்தது அவர் லாயத்தில். பரிநூலில் அவருக்கு நிகரானவர் அந்நாளிற் சிலரே. அவரே அக்குட்டியை ஏனையவற்றோடு சேர்த்து விற்றுவிட்டார். தொழுவத்திலே நின்ற குதிரையின் வருங்காலம் அதன் தலைவருக்கே புலப்படவில்லை எனின், பந்தயத் தாளிலே அச்சான ஒரு பெயரைக் கண்டு, கடல் கடந்து வாழும் நாம் அதனை அறிவோம் என்பது எங்ஙனம்?

மாணவன் எழுதுகோலை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தான். பின்னர், சேர்ப்பிளிஸ் என்ற பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டான். கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். வீட்டிலே சொல்வதற்காக அதனைக் குறித்துக்கொண்டு போனான்.