ஆலயத் தரையிலிருந்து இருக்கை வரை: ‘யூத காந்தி’ ஏ.பி. சேலத்தின் நெடிய போராட்டம்

கொச்சி: மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டிய குறுகிய தெருவின் முனையில், 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் அமைந்துள்ளது. சீனாவிலிருந்து தருவிக்கப்பட்டு அதன் தரையில் பதிக்கப்பட்ட, கையால் வண்ணம் தீட்டிய நீல நிற ஓடுகளைக் காண நாள்தோறும் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். ஒரு காலத்தில், இதே ஆலயத்தில் வழிபட வந்த ஒரு பிரிவினருக்கு இருக்கை கிடையாது. தரையிலோ, வெளிப்படிகளிலோதான் அவர்கள் அமர வேண்டும். அந்தப் பிரிவில் பிறந்து, அந்த வழக்கத்தை மாற்றுவதற்காக வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஆபிரகாம் பாராக் சேலம். ஏ.பி. சேலம் என்று அறியப்பட்ட அவரது பெயரையே இன்று அத்தெரு தாங்கி நிற்கிறது.

அவரது பெயரில் உள்ள சேலத்துக்கும் தமிழகத்தின் சேலம் நகருக்கும் தொடர்பில்லை. ஆனால், அவரது கல்விக்கும் சென்னைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர், தேசியவாதி எனப் பல பொறுப்புகளை வகித்த அவரைக் கொச்சி மக்கள் ‘யூத காந்தி’ என்று அழைத்தனர். உடனடிப் பலன் கிடைக்காத ஓர் இலக்கைப் பல ஆண்டுகள் மனம் தளராமல் தொடர்வது எப்படி என்பதற்கு அவரது வாழ்க்கை சான்றாக உள்ளது.

விடுதலைக்குப் பின்னும் நீடித்த வேற்றுமை

கொச்சி யூதர்கள் ஒரே சமூகமாக வாழவில்லை. பல நூற்றாண்டுகளாக மலபார் கரையில் வாழ்ந்துவந்த மலபாரி யூதர்கள் ஒரு பிரிவினர். 16-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் ஸ்பெயின், மேற்கு ஆசியா உள்ளிட்ட பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய பரதேசி யூதர்கள் மற்றொரு பிரிவினர். முன்னவர் ‘கறுப்பு யூதர்’ என்றும், பின்னவர் ‘வெள்ளை யூதர்’ என்றும் அழைக்கப்பட்டனர்.

இவர்களைத் தவிர மூன்றாவது பிரிவினரும் இருந்தனர். யூதக் குடும்பங்களில் அடிமைகளாக இருந்து, விடுதலை பெற்று, யூத சமயத்தைப் பின்பற்றியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். எபிரேய மொழியில் ‘விடுவிக்கப்பட்டோர்’ என்று பொருள்படும் ‘மெஷுஹ்ராரிம்’ என்ற பெயர் அவர்களுக்கு வழங்கியது. முன்னோர் விடுதலை பெற்ற பின்னரும், ‘விடுவிக்கப்பட்டோர்’ என்ற அடையாளம் தலைமுறை தலைமுறையாக அவர்களைத் தொடர்ந்தது.

பரதேசி ஜெப ஆலயத்தைச் சார்ந்தே வாழ்ந்தபோதிலும், அங்கு அவர்களுக்குச் சம உரிமை இல்லை. அவர்களுக்கெனத் தனி ஆலயமும் இல்லை. வெள்ளை யூதர்கள் அவர்களுடன் திருமண உறவு கொள்வதில்லை. யூத சமயச் சட்டம் இத்தகைய பாகுபாட்டுக்கு இடமளிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கொச்சியிலிருந்து சென்ற ஒரு வினாவுக்கு, முறைப்படி நீராட்டுச் சடங்கு செய்துகொண்ட எவரும் முழுமையான யூதரே என்று கெய்ரோவைச் சேர்ந்த ரப்பி தாவீது இப்னு சிம்ரா 16-ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்பு வழங்கியிருந்தார். அந்தத் தீர்ப்பை விட ஊர் வழக்கமே வலுவாக இருந்தது.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பிரிவினரில் சிலர், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கோட்டைக் கொச்சிக்குச் சென்று தனியாக வழிபாடு நடத்த முயன்றனர். அம்முயற்சி நிலைக்கவில்லை. அவர்கள் மீண்டும் பழைய நிலைக்கே திரும்ப நேர்ந்தது.

கல்வியே முதல் படி

இத்தகைய சூழலில் 1882-ஆம் ஆண்டு சேலம் பிறந்தார். தாயின் அரவணைப்பில் வளர்ந்த அவர், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்றார். பின்னர் சென்னைக்குச் சென்று சட்டம் பயின்றார். அவரது பிரிவில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் நபரும், கொச்சி யூதர்களில் முதல் வழக்கறிஞரும் அவரே.

படிப்பை முடித்த அவர் எர்ணாகுளம் திரும்பி வழக்கறிஞராகப் பணியாற்றத் தொடங்கினார். நீதிமன்றத்தில் அவரது வாதத்துக்கு மதிப்புக் கிடைத்தது. ஆனால், காயலைக் கடந்து மட்டாஞ்சேரிக்கு வந்தால், ஆலயத்தில் அவருக்கு இருக்கை இல்லை. ஊரறிந்த வழக்கறிஞர் என்ற தகுதியும் அவரது பிறப்பின் மீது சுமத்தப்பட்ட அடையாளத்தை அழிக்கவில்லை.

வேறு ஊருக்குச் சென்று, தமது பின்னணியை அறியாதவர்களிடையே வசதியாக வாழும் வாய்ப்பு படித்த ஒருவருக்கு அன்று இருந்தது. சேலம் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. தமக்கு மட்டுமின்றி, தமது பிரிவினர் அனைவருக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும் என்பதையே அவர் இலக்காகக் கொண்டார்.

சட்டமன்றத்திலும் லாகூரிலும்

1925-ஆம் ஆண்டு கொச்சி சமஸ்தானத்தில் சட்டமன்றம் அமைக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல் 1931 வரையிலும், பின்னர் 1939 முதல் 1945 வரையிலும் சேலம் அதன் உறுப்பினராக இருந்தார். அப்போது வளரத் தொடங்கியிருந்த தொழிற்சங்க இயக்கத்துக்கும் ஆதரவளித்தார். 1929-ஆம் ஆண்டு இறுதியில் லாகூரில் நடைபெற்று, பூரண சுயராஜ்யத் தீர்மானத்தை நிறைவேற்றிய காங்கிரஸ் மாநாட்டிலும் அவர் பங்கேற்றார்.

இந்தப் பொதுப்பணிகள் அவரது சமூகப் போராட்டத்துக்கு இடையூறாக அமையவில்லை. மாறாக, அதைத் தொடர்வதற்கான வலுவை அளித்தன. ஆலயத்தின் கதவு திறக்காத ஆண்டுகளில், நீதிமன்றமும் சட்டமன்றமும் தொழிலாளர் இயக்கமும் அவரது உழைப்புக்கு வேறு வாயில்களைத் திறந்தன. ஒரே இடத்தில் மட்டும் முட்டி மோதுபவர் விரைவில் சோர்ந்துவிடுவார். நீதி என்ற ஒரே குறிக்கோளுக்காகப் பல களங்களில் உழைத்த சேலத்துக்கு, ஓரிடத்தில் ஏற்பட்ட தேக்கம் முழுத் தோல்வியாகத் தோன்றவில்லை.

ஆலயத்துக்குள் சத்தியாக்கிரகம்

அன்றைய கேரளத்தில் வழிபாட்டு உரிமை முக்கியமான அரசியல் பிரச்சினையாக உருவெடுத்திருந்தது. கொச்சிக்குத் தெற்கே, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்ட வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அனைவரும் நடக்கும் உரிமைக்காக 1924-ஆம் ஆண்டு சத்தியாக்கிரகம் தொடங்கியது. தந்தை பெரியார் அப்போராட்டத்துக்குத் தலைமையேற்றுச் சிறை சென்றது தமிழக வரலாற்றிலும் பதிவாகியுள்ளது. 1936-ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது.

இந்துக் கோயில்களின் வாசலில் நடைபெற்ற அறப்போராட்டத்தின் வழிமுறையை யூத ஆலயத்துக்குள் கொண்டுசென்றதே சேலத்தின் தனிச் சிறப்பு. சில காலம் அவர் ஆலயத்தைப் புறக்கணித்தார். பின்னர் மீண்டும் அங்கு சென்று, அமைதியான முறையில் உரிமை கோரினார். வன்முறைக்கோ, சமூகத்தை நிரந்தரமாகப் பிளக்கும் செயலுக்கோ அவர் இடம் கொடுக்கவில்லை.

இந்த வழி எளிதானதாக இருக்கவில்லை. சமஸ்தான அரசை எதிர்ப்பவர் போராட்டம் முடிந்து வீடு திரும்பலாம். சேலம் எதிர்த்தது தமது அண்டை வீட்டாரை. ஒரே தெருவில் அவர்களுடன் வாழ்ந்து, ஒரே பண்டிகைகளைக் கொண்டாடி, ஒவ்வொரு சபாத் நாளிலும் அவர்களது முகத்தைப் பார்த்தபடியே அவர் உரிமைக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. பிரிந்து சென்ற முந்தைய தலைமுறையினரின் முயற்சி நிலைக்காமல் போன நிலையில், உள்ளே இருந்துகொண்டே மாற்றத்தைக் கொண்டுவருவது என்ற கடினமான பாதையில் அவர் உறுதியாக நின்றார்.

அவர் நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தையும் நீண்ட காலம் கைவிடாமல் பின்பற்றினார். அந்த நாட்குறிப்புகள் கொச்சி யூதர்களின் வரலாற்றை ஆராய்வோருக்கு இன்று முக்கிய ஆதாரமாக விளங்குகின்றன. பலன் கண்ணுக்குத் தெரியாத காலங்களிலும் நடந்தவற்றைப் பதிவு செய்துவந்த ஒருவரின் ஒழுங்கை அவை காட்டுகின்றன.

படிப்படியாகத் தளர்ந்த தடைகள்

ஒரே நாளில் வெற்றி கிடைக்கவில்லை. 1930-களில் பழைய தடைகள் ஒவ்வொன்றாகத் தளரத் தொடங்கின. வெளிப்படிகளில் அமர்ந்தவர்கள் உள்ளே வந்தனர். தரையில் அமர்ந்தவர்களுக்கு இருக்கை கிடைத்தது. வழிபாட்டில் அவர்களது பங்கும் சிறிது சிறிதாக விரிவடைந்தது.

ஆனால், மனங்களில் இருந்த தடை அத்தனை விரைவில் அகலவில்லை. 1950-ஆம் ஆண்டு சேலத்தின் மகனுக்கும் வெள்ளை யூதக் குடும்பத்தைச் சேர்ந்த பெண்ணுக்கும் திருமணம் நடைபெற்றது. இரு பிரிவினருக்கும் இடையே நடந்த முதல் திருமணம் அதுவே. சொந்த ஊர் ஆலயத்தில் அதற்கு இடம் கிடைக்காததால், மணமக்கள் பம்பாய் சென்று மணம் செய்துகொண்டனர். ஊர் திரும்பிய பின்னரும் அவர்கள் எதிர்ப்பைச் சந்தித்தனர். நாடு விடுதலை பெற்று மூன்று ஆண்டுகள் கடந்திருந்த நிலையிலும் இந்நிலை நீடித்தது. எனினும் காலப்போக்கில் அந்தத் திருமணம் ஏற்கப்பட்டது. தந்தை இருக்கைக்காகத் தொடங்கிய போராட்டம், மகனின் தலைமுறையில் குடும்ப உறவு வரை சென்று சேர்ந்தது.

நிறைவேறிய கனவும் வெறுமையான தெருவும்

சேலத்தின் வாழ்வில் மற்றோர் இலக்கும் இருந்தது. 1933-ஆம் ஆண்டு பாலஸ்தீனம் சென்று வந்த அவர், யூதர்களுக்கென ஒரு தாயகம் அமைய வேண்டும் என்ற கருத்தில் ஈடுபாடு கொண்டார். 1948-ஆம் ஆண்டு இஸ்ரேல் உருவானதும், கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கு குடியேற விரும்பினர். ஆனால், கேரளக் கடலோரத்தில் காணப்பட்ட யானைக்கால் நோய் பரவிவிடும் என்று அஞ்சிய இஸ்ரேல் அதிகாரிகள், அவர்களை ஏற்பதில் தாமதம் காட்டினர். பயணத்துக்கு ஆயத்தமாகியிருந்த குடும்பங்கள் தவிப்புக்கு உள்ளாயின.

எழுபது வயதைக் கடந்திருந்த சேலம், அவர்களுக்காக 1953-ஆம் ஆண்டு இஸ்ரேல் சென்று பேச்சுவார்த்தை நடத்தினார். 1950-களின் நடுப்பகுதிக்குள் மலபாரி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கு சென்று குடியேறினர். நெகேவ் பாலைவனத்தில் உள்ள நெவாடிம், எருசலேம் அருகே உள்ள மெசிலாத் சியோன் போன்ற வேளாண் குடியிருப்புகளில் அவர்கள் புதுவாழ்வைத் தொடங்கினர்.

சேலம் அவர்களுடன் செல்லவில்லை. பிறரது பயணத்துக்கு வழி அமைத்துக்கொடுத்த அவர், தாம் பிறந்த கொச்சியிலேயே தங்கினார். சம உரிமைக்காக அவர் போராடிய சமூகம், அந்த உரிமை கைகூடிவந்த காலத்திலேயே அவரது கண்முன் சிதறத் தொடங்கியது. அதற்கு அவரது முயற்சியும் ஒரு காரணமாக அமைந்தது. இருக்கைகளில் அனைவருக்கும் இடம் கிடைத்தபோது, அவற்றில் அமர்வதற்கு ஆட்கள் குறைந்துகொண்டிருந்தனர்.

ஆயினும் அவரது உழைப்பு வீணாகிவிட்டது என்று கூற இயலாது. ஊரை விட்டுச் செல்லும் ஒருவர் தாழ்த்தப்பட்டவராகச் செல்வதற்கும், சம உரிமை பெற்றவராகச் செல்வதற்கும் வேறுபாடு உண்டு. நீண்ட கால இலக்கை நோக்கி நடப்பவர், பயணத்தின் முடிவில் உலகம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்க இயலாது. அடுத்த படியைச் சரியாக வைப்பது மட்டுமே அவரது கையில் உள்ளது. படிப்பு, தொழில், சட்டமன்றம், ஆலயம் என ஒவ்வொரு படியையும் சேலம் அவ்வாறே கடந்தார்.

1967-ஆம் ஆண்டு அவர் கொச்சியில் காலமானார். அடுத்த ஆண்டு, டிசம்பர் 1968-இல், பரதேசி ஜெப ஆலயத்தின் 400-ஆவது ஆண்டு விழா பிரதமர் இந்திரா காந்தி முன்னிலையில் கொண்டாடப்பட்டது. அந்த விழாவைக் காண சேலம் உயிருடன் இல்லை.

இன்று மட்டாஞ்சேரியில் யூதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே உள்ளனர். நறுமணப் பொருள் கடைகளும் பழம்பொருள் அங்காடிகளும் நிறைந்த ஏ.பி. சேலம் சாலை வழியாகவே அனைவரும் அந்த ஆலயத்தை அடைகின்றனர். ஒரு காலத்தில் ஒரு பிரிவினர் மட்டும் அமர வைக்கப்பட்ட அதே தரையைப் பார்ப்பதற்காக, அனைத்து மதத்தினரும் உள்ளே சென்று வருகின்றனர்.