சாலிம் அலியும் நமது வாவிப் பறவைகளும்

முஸ்லிம் விஞ்ஞானிகளின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று நமது பிள்ளைகளிடம் கேட்டால் இப்னு சீனா, அல்-குவாரிஸ்மி, இப்னு ஹைத்தம் என்று வரிசையாகச் சொல்லி விடுகிறார்கள். எல்லோரும் ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முந்தியவர்கள். பக்கத்து நாட்டில் பிறந்து, நமது உம்மா வாப்பாமாரின் காலம் வரை வாழ்ந்து, 1987இல் மறைந்த ஒருவரின் பெயர் மட்டும் அந்த வரிசையில் வருவதில்லை. அவர்தான் சாலிம் அலி. இலங்கையையும் உள்ளடக்கிய இந்தத் துணைக்கண்டத்தின் பறவைகளைப் பற்றி இன்று யார் என்ன எழுதினாலும், அவர் போட்ட அத்திவாரத்தின் மேல்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவரைப் பற்றி நான் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நமது ஊர்களில் காணியின் விலை ஏறிக்கொண்டே போகிறது. கரையோரச் சதுப்பும் கண்டல் காடும் மண் போட்டு நிரப்பப்பட்டு வளவுகளாக மாறுகின்றன. இதைப் பற்றிப் பேசுபவர்களிடம், முன்பு இங்கே என்ன இருந்தது, எத்தனை இருந்தது என்று கேட்கப்படுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம்மிடம் என்ன இருக்க வேண்டும் என்பதை சாலிம் அலியின் வாழ்க்கை சொல்லித் தருகிறது.

1896 நவம்பர் 12ஆம் திகதி பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றின் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். ஒரு வயதில் தகப்பனையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். அநாதையாகிப்போன பிள்ளையைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் பிள்ளைகள் இல்லாத மாமி ஹமீதா பேகமும் வளர்த்தார்கள். வீடு இருந்த இடம் கேத்வாடி, நகரின் நெரிசல் மிக்க பகுதி.

மாமா வேட்டைப் பிரியர். சிறுவனுக்கும் ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி கிடைத்திருந்தது. அதனால் சிட்டுக்குருவிகளைச் சுட்டு, ஹலாலாக அறுத்துச் சமைத்துத் தின்பது அந்த வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. ஒருநாள் விழுந்த குருவியின் தொண்டையில், கறி பட்டதைப் போல ஒரு மஞ்சள் அடையாளம் இருந்தது. இதைத் தின்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமா என்ற சந்தேகம் சிறுவனுக்கு வந்தது. மாமாவிடம் கொண்டுபோனான். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. அவர் ஒரு கடிதம் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளரான மில்லார்ட் என்ற ஆங்கிலேயரிடம் அனுப்பினார். மில்லார்ட் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிற்கவில்லை. அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

ஹலாலா ஹராமா என்று தெரியாதபோது தெரிந்தவரிடம் போய்க் கேட்பது நமக்குப் பழகிய விடயம். அந்தப் பழக்கம்தான் ஒரு சிறுவனைப் பறவையியலின் வாசலில் கொண்டுபோய் விட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம் உண்டு.

பின்னாளில் சாலிம் அலி மார்க்கப் பற்றுள்ளவராகத் தன்னைக் காட்டிக்கொண்டவர் அல்லர். அவரை ஒரு வலியுல்லாஹ்வாக ஆக்குவது என் நோக்கமுமில்லை. அவர் செய்த வேலையின் பெறுமதி அதனால் குறைந்துவிடாது.

அந்த வேலை இலகுவில் அமையவில்லை. தலைவலியால் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. குடும்பத்தின் சுரங்க, மரத் தொழிலைப் பார்க்க பர்மாவின் தவோய்க்குப் போனார். தொழில் நட்டத்தில் முடிந்தது. அங்கிருந்த காடுகளில் பறவை பார்த்ததுதான் மிச்சம். 1918இல் தஹ்மினாவை மணந்தார். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் பதவி ஒன்று இருந்தும், பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் அது கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் நூதனசாலையில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்தார். பின்னர் விடுப்பெடுத்து ஜேர்மனிக்குச் சென்று, பேர்லின் நூதனசாலையில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். 1930இல் திரும்பி வந்தபோது, பணமில்லை என்று அந்தப் பதவியே இல்லாமல் ஆக்கப்பட்டிருந்தது.

வேலையில்லாத அந்த நாட்களில் குடும்பம் கிஹிம் என்ற கரையோரக் கிராமத்துக்குக் குடிபோனது. வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. சாலிம் அலி தினமும் பல மணித்தியாலங்கள் அவற்றை அவதானித்துக் குறிப்பெடுத்தார். ஆண் குருவி கூட்டைப் பாதிவரை பின்னுகிறது. பெட்டைகள் வந்து உள்ளே புகுந்து பார்க்கின்றன. ஒன்று சம்மதித்தால் ஆண் மீதியையும் கட்டி முடிக்கிறது. பிறகு வேறொரு கூட்டைத் தொடங்கி இன்னொரு பெட்டையை எதிர்பார்க்கிறது. அதுவரை எவரும் ஒழுங்காக எழுதி வைக்காத செய்தி இது. படுவான்கரை வயலோரத்தில் தூக்கணாங்கூடு தொங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுகூடம் எதுவும் தேவைப்படவில்லை என்பது விளங்க வேண்டும். பொறுமையும் ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தன. அவ்வளவுதான்.

அதன்பின் அவர் சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனை சொன்னார். களச் செலவை மட்டும் தாருங்கள், சம்பளமில்லாமல் உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்பதே அது. ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் என்று மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் அலைந்தார். தஹ்மினாவும் கூடாரம் கூடாரமாகக் கூடவே போனார். 1939இல் ஒரு சிறிய சத்திரசிகிச்சைக்குப் பின் தஹ்மினா காலமானார். சாலிம் அலி மறுமணம் செய்யவில்லை. 1941இல் அவரது இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்து, சாதாரண மக்களின் கையிலும் பறவையியலைக் கொண்டு சேர்த்தது. சுதந்திரத்துக்குப் பின் பம்பாய்ச் சங்கம் பணமின்றித் தள்ளாடியபோது பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்றார். 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன், வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை அறியும் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் யாழ்ப்பாணத்துக்கு நேரெதிரே இருக்கும் கோடியக்கரையிலும் அந்தப் பணி பெருமளவில் நடந்தது. எழுபது வயதைத் தாண்டியபின், டில்லன் ரிப்ளி என்ற அமெரிக்கருடன் சேர்ந்து 10 பாகங்கள் கொண்ட கைநூலை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார். அதில் இலங்கைப் பறவைகளும் அடங்கும்.

இத்தனை பயணங்களிலும் அவர் செய்தது ஒரே காரியம்தான்: எந்தப் பறவை, எந்த இடம், எந்தத் திகதி, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. இதன் பலன் அவர் மறைந்தபின் தெரிந்தது. 1933இல் அவர் கணக்கெடுத்த திருவிதாங்கூர், கொச்சி இடங்களுக்கு 2009இல் கேரளத்துப் பறவை ஆர்வலர்கள் திரும்பவும் போனார்கள். அதே இடங்களில் அதே மாதிரிப் பார்த்து, முக்கால் நூற்றாண்டில் காடும் தோட்டமும் நகரமும் மாறியதோடு பறவைகளும் எப்படி மாறின என்று ஒப்பிட்டார்கள். 1933இல் எழுதிய குறிப்பு இல்லாவிட்டால் 2009இல் ஒப்பிட ஒன்றும் இருந்திருக்காது.

இனி நமது பக்கத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடமென்பதால் மீனும் இறாலும் நண்டும் பெருகுகின்றன. அவற்றை நம்பி நீர்க்காகமும் கொக்கும் கூழைக்கடாவும் ஆலாவும் வாழ்கின்றன. வடக்கில் குளிர் தொடங்கியதும் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகள் நமது சேற்றுத் திட்டுகளைத் தேடி வருகின்றன. ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும் நீண்ட பயணத்துக்கான கொழுப்பை, சேற்றிலுள்ள புழுக்களையும் சிறு நண்டுகளையும் தின்றுதான் அவை சேர்க்கின்றன. அந்தச் சேற்றுத் திட்டை நிரப்பினால், அதற்குப் பதிலாக அவை வீட்டுக் கூரையில் இறங்கிக்கொள்ள முடியாது.

நகரம் எல்லாப் பறவையையும் ஒரே மாதிரிப் பாதிப்பதில்லை. காகம் பெருகுகிறது. நாம் தெருவோரத்தில் கொட்டும் சோற்றுப் பொதியும், ஹஜ்ஜுப் பெருநாளில் ஒழுங்காகப் புதைக்காமல் விடப்படும் உழ்ஹிய்யாக் கழிவும் அதற்கு விருந்து. பெருகிய காகம் மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. சிட்டுக்குருவிக்கோ நிலைமை மறுபக்கம். நான் சிறு வயதில் இருந்த ஓட்டு வீட்டின் முகட்டில் எப்போதும் ஒரு கூடு இருந்தது. முற்றத்தில் உம்மா நெல்லுக் காயப்போட்டால் குருவி விரட்டுவது பிள்ளைகளின் வேலை. இப்போதைய கொங்கிறீட் தட்டு வீட்டில் பொந்து இல்லை. அரிசி பொலித்தீன் பையில் வருகிறது. வளவெல்லாம் சீமெந்து பூசப்பட்டதால் குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லை. தானியம் தின்னும் குருவியானாலும் அது தன் குஞ்சை வளர்ப்பது பூச்சியைக் கொண்டுதான். சத்தமும் பாதிக்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் வாகன இரைச்சல் கூடிய இடங்களில் ஒரு சிறு குருவியினம் தன் பாட்டின் சுருதியை உயர்த்திப் பாடுகிறது என்று 2003இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அப்படி மாற்றிக்கொள்ள முடியாத பறவை ஊரை விட்டுப் போய்விடுகிறது.

பறவையைக் காப்பதென்றால் மனிதனை விரட்டுவதா என்று நமது மீனவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் சாலிம் அலியின் கதையிலேயே பதில் உண்டு. அது அவருக்குச் சாதகமான பதிலும் அல்ல. ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பு ஒரு காலத்தில் மகாராஜாவின் வாத்து வேட்டைக் களம். 1938இல் வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டதாக அங்கே கல்லில் பொறித்திருக்கிறார்கள். அந்த இடம் தேசியப் பூங்காவாவதற்கு முன்னின்றவர்களில் சாலிம் அலி முக்கியமானவர். ஆனால் 1982இல் அங்கே மாடு மேய்ப்பது தடைசெய்யப்பட்டபோது சுற்றுக் கிராமத்து மக்கள் எதிர்த்தார்கள். பொலிஸார் சுட்டதில் சிலர் உயிரிழந்தார்கள். சாலிம் அலியும் அவரது சங்கமும் தடையின் பக்கமே நின்றிருந்தனர். அதே சங்கம் அங்கே நடத்திய பத்தாண்டு ஆய்வு, எருமைகள் மேயாததால் புல் அடர்ந்து நீர்ப்பரப்பை மூடி, பறவைகளுக்கே கெடுதியாகிவிட்டது என்று முடிவு சொன்னது. தலைவரின் கருத்தைத் திருத்தியது அவரே பழக்கிவிட்ட முறை: பார், எண்ணு, எழுது. வாவியில் தோணி ஓட்டி வீச்சுவலை எறிபவரை எதிரியாக்காமல், அவரைத்தான் முதல் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதில் நமக்குள்ள பாடம். எந்தத் துறையில் எந்த மாதம் எந்தப் பறவை இறங்கும் என்று அவருக்குத் தெரிந்ததுபோல வேறு யாருக்கும் தெரியாது.

சாலிம் அலிக்கு 1976இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அதே காலத்தில் கிடைத்த போல் கெட்டி பரிசின் பணத்தை இயற்கைப் பாதுகாப்பு நிதியமாக்கினார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைக்கட்டிலிருந்து காக்கக் குரல் கொடுத்தார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20ஆம் திகதி, 90ஆவது வயதில் பம்பாயில் காலமானார். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பறவையியல் ஆய்வு நிலையம் அவர் பெயரில் இயங்குகிறது.

சுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபஃ நாட்டுச் செய்தியை ஹுத்ஹுத் பறவை கொண்டுவந்ததை ஓதி வளர்ந்தவர்கள் நாம். ஒரு மரத்தை நட்டு அதிலிருந்து பறவை தின்றாலும் அது ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததையும் அறிவோம். நமது இளைஞர்கள் சிலர் இப்போது தொலைபேசிக் கமராவில் வாவிப் பறவைகளைப் பிடித்து முகநூலில் போடுகிறார்கள். நல்ல விடயம். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். படத்தோடு இடத்தையும் திகதியையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். ஒரே இடத்துக்கு மாதம் ஒருமுறை போங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசியா முழுவதும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, இலங்கையிலும் நடக்கிறது. அதில் உங்கள் ஊர்க் கரையையும் சேருங்கள். பாடசாலைகளும் அஹதிய்யாக்களும் ஆளுக்கொரு கொப்பி வைத்தால், பத்து வருடத்தில் எந்தச் சபையின் மேசையிலும் வைக்கக்கூடிய ஆதாரம் நம் கையில் இருக்கும். அதற்குள் நிரப்பப்படும் ஒவ்வொரு துண்டுக் கரைக்கும் கணக்கும் அதிலேயே இருக்கும்.