பீட்டர் தங்கராஜ்: தங்கம் காத்த கோல்கீப்பர் ஊர் ஊராக மாறியது ஏன்?

கேரளாவின் பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மீனவக் கிராமம் பொழியூர். சந்தோஷ் டிராபி வீரர்கள் பலரைத் தந்த ஊர். அங்கே கடற்கரை மணலில் பந்து உதைக்கும் பசங்களின் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: ஃபுட்பால் சோறு போடுமா?

இந்தியாவின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான பீட்டர் தங்கராஜின் வாழ்க்கையும் இதே கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது.

யார் இவர்?

1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்தின் உள்ளூர் கிளப்புகளில் தொடங்கி ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் முதலில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. ஆறடியைத் தாண்டிய உயரம்; பிறகு கோல் கம்பத்துக்கு நடுவே போய் நின்றார். அந்த அணி 1955, 1958 என இரண்டு முறை டூரண்ட் கோப்பையை வென்றது.

1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வானார்.

ஜகார்த்தாவில் நடந்தது என்ன?

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என இந்தியா தோற்றது. இடையில் தங்கராஜுக்குக் காய்ச்சல். பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். பயிற்சியாளர் ரஹீமோ புற்றுநோயுடன் போராடிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 4 இறுதிப் போட்டியில் மறுபடியும் அதே தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததை இந்திய அதிகாரி ஒருவர் விமர்சித்திருந்ததால், சுமார் ஒரு லட்சம் பேர் கொண்ட கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. உடம்பு முழுசாகத் தேறாத தங்கராஜை ரஹீம் இறக்கினார். பி.கே. பானர்ஜி, ஜர்னைல் சிங் கோல்களால் 20 நிமிடத்துக்குள் 2-0. அதன்பின் 85-வது நிமிடம் வரை கொரியா கோல் அடிக்கவே முடியவில்லை. முடிவு 2-1. ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்துத் தங்கம் அதற்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைக்கவே இல்லை.

ஏன் இத்தனை ஊர்கள்?

அன்று இந்தியக் கால்பந்து பெயரளவில் அமெச்சூர் விளையாட்டு. வீரருக்கு மாதச் சம்பளம் தந்தது ராணுவம், ரயில்வே போன்ற துறைகள்தான். பானர்ஜி கிழக்கு ரயில்வே ஊழியர். தங்கராஜ் 1960-ல் சர்வீசஸ் அணிக்கு சந்தோஷ் டிராபி வென்று தந்த கேப்டன். ராணுவத்தை விட்டபின் கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என மூன்று பெரிய கிளப்புகளிலும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது. 1971-ல் ஓய்வு பெற்றதும் கோவாவின் வாஸ்கோ கிளப்பில் பயிற்சியாளர், பிறகு பொகாரோ. அங்கேயே 2008-ல் காலமானார்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

2014-ல் ஐஎஸ்எல் வந்தது. சிலருக்குப் பெரிய ஒப்பந்தங்கள் கிடைத்தன. ஆனால் 2018-ல் சந்தோஷ் டிராபி வென்ற கேரள அணியில் வேலை இல்லாதவர்களுக்கு மாநில அரசு அறிவித்த பரிசு, அரசு வேலை. கோப்பை ஜெயித்த பிறகும் வீரருக்குத் தேவைப்பட்டது ஒரு நிலையான சம்பளம். தங்கராஜ் ராணுவத்தில் சேர்ந்த காலத்திலிருந்து அந்தக் கணக்கு மட்டும் பெரிதாக மாறவில்லை.