ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்ட்

ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்ட் (ஜூன் 3, 1834 - ஜனவரி 23, 1893) ஆங்கிலேய நிலவியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தை உள்ளடக்கியிருந்த தென்னாற்காட்டின் பாறைகளை ஆராய்ந்து வகைப்படுத்தியவர். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவர்.

வாழ்க்கை

இலண்டனில் பிறந்த பிளான்போர்ட், அங்குள்ள அரச சுரங்கப் பள்ளியிலும் ஜெர்மனியின் பிரைபெர்க் நகரிலும் பயின்றார். 1855 இல் தமையன் வில்லியம் தாமசுடன் இந்திய நிலவியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஒரிசாவின் தால்ச்சேர் பகுதியில் இருவரும் கண்ட பாறைக்குண்டுப் படிவுகள், வெப்ப நாடான இந்தியாவில் முன்னொரு காலத்தில் பனிக்கட்டி இருந்ததைக் காட்டின.

தென்னாற்காட்டில் ஆய்வு

பின்னர் தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரீத்தேசியக் காலப் பாறைகளை ஆராய்ந்தார். உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் பிரிவுகள் அவர் வகுத்தவை. விழுப்புரம் மாவட்டத்து வழுதாவூரின் பெயரையும் ஒரு பாறைப் பிரிவுக்கு இட்டார். அப்பாறைகளிலுள்ள கடல்வாழ் உயிரினங்களின் எச்சங்கள், இன்றைய கரையிலிருந்து உள்ளே தள்ளியும் அக்காலத்தில் கடல் இருந்ததைக் காட்டுகின்றன. இவற்றுக்கு மேல் அமைந்த மணற்பாறைக்குக் கடலூர் மணற்பாறை எனப் பெயரிட்டார். திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் திருவக்கரையில் காணப்படும் கல்மரங்கள் இப்பாறையைச் சேர்ந்தவை.

இந்தியப் பெருங்கடல் நிலம் பற்றிய கருதுகோள்

இந்தியா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் தொல்தாவர எச்சங்கள் ஒத்திருப்பதைக் கொண்டு, அவற்றை இணைத்த நிலப்பரப்பு ஒன்று இந்தியப் பெருங்கடலில் மூழ்கியிருக்க வேண்டும் என 1875 இல் எழுதினார். பிலிப் ஸ்கிலேட்டர் 1864 இல் முன்மொழிந்த லெமூரியாவும் இத்தகையதே. தமிழறிஞர் சிலர் பிற்காலத்தில் லெமூரியாவைக் குமரிக்கண்டத்துடன் இணைத்துப் பேசினர்.

1972 இல் குளோமார் சேலஞ்சர் என்னும் கப்பல் இந்தியப் பெருங்கடலின் அடித்தளத்தைத் துளையிட்டது. வங்காள விரிகுடாவிலிருந்து தெற்கே நீளும் தொண்ணூறு பாகைக் கிழக்கு முகடு எரிமலைப் பாறையால் ஆனது என்பதும், வடக்கே செல்லச் செல்ல அதன் வயது கூடுகிறது என்பதும் தெரியவந்தன. இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்தமைக்கு இது சான்றாயிற்று. நிலம் மூழ்கவில்லை, ஒன்றாயிருந்த கண்டங்கள் பிரிந்து விலகின. பிளான்போர்ட் கண்ட ஒற்றுமைகள் உண்மையானவை. அவர் கூறிய காரணமே மாறியது.

வானிலைப் பணி

1862 இல் நிலவியல் ஆய்வகத்தை விட்டு விலகி, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1864 இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலைப் பற்றி ஜேம்ஸ் காஸ்ட்ரெலுடன் இணைந்து அறிக்கை எழுதினார். 1875 இல் வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பேற்றார். இமயமலைப் பனிப்பொழிவு மிகுந்தால் பருவமழை குறையும் என 1884 இல் எழுதினார். இதன் அடிப்படையில் 1886 முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளியிடப்பட்டது.

2014-2015 இல் ஜாய்டிஸ் ரெசல்யூசன் கப்பல் வங்காள விரிகுடாவில் துளையிட்டு, பருவமழையின் தொல்வரலாற்றை அறிவதற்கான படிவுகளை எடுத்தது. பிளான்போர்ட் தனித்தனியே ஆராய்ந்த பாறையும் மழையும் இவ்வாய்வில் ஒன்றிணைந்தன.

மறைவு

1880 இல் அரச கழகத்தின் உறுப்பினரான இவர், ஓய்வுக்குப் பின் இங்கிலாந்து திரும்பி, போக்ஸ்டனில் காலமானார்.