தொண்டருக்கும் சங்கம் வேண்டும் என்ற அம்மையார்

ஏழைகளுக்குத் தொண்டு செய்கிறவர்கள் தங்களுக்கு நல்ல சம்பளம் கேட்கலாமா? தொழிற்சங்கம் அமைக்கலாமா? அமைக்கத்தான் வேண்டும் என்றார் ஓர் அம்மையார். அவர் பெயர் பெர்த்தா கேப்பன் ரெனால்ட்ஸ்.

1885-ம் ஆண்டு அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். 1908-ல் ஸ்மித் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1925-ல் அக்கல்லூரியின் சமூக சேவைப் பள்ளிக்குத் துணை இயக்குநர் ஆனார். மதிப்பான பதவி, மனத்துக்குப் பிடித்த வேலை.

பஞ்சம் வந்தது

1929-ல் அமெரிக்காவில் வியாபாரம் படுத்துவிட்டது. 1933-ல் நாலு தொழிலாளரில் ஒருவருக்கு வேலை இல்லை. நிவாரண ஆபீசுகளில் கூட்டம் அலைமோதியது.

அங்கே வேலை பார்த்தவர்கள் பாடும் திண்டாட்டந்தான். குறைந்த சம்பளம், ஓயாத வேலை, எப்போது வீட்டுக்கு அனுப்புவார்களோ என்ற பயம். அவர்கள் சங்கம் அமைத்தார்கள். 1934-ல் தங்களுக்கென்று ஒரு பத்திரிகையும் தொடங்கினார்கள். அம்மையார் அதில் எழுதினார்.

தொண்டு செய்வோருக்குச் சங்கம் எதற்கு என்று பலர் முகம் சுளித்தார்கள். தன் வயிற்றுக்கே கவலைப்படுகிறவர் பிறர் குறையை எப்படிப் பொறுமையாகக் கேட்பார் என்பது அம்மையாரின் எண்ணம். உதவி கேட்பவரும் உதவி செய்பவரும் உழைத்துப் பிழைக்கிறவர்களே என்று அவர் கருதினார்.

பள்ளியின் தலைமைக்கு இது பிடிக்கவில்லை. 1938-ல் அம்மையார் பதவியை விட்டு விலக நேர்ந்தது. அதன்பின் அவர் தகுதிக்கேற்ற வேலை எளிதில் கிடைக்கவில்லை.

மாலுமிகள் நடுவே

1943-ல் நியூயார்க்கில் மாலுமிகள் சங்கம் அவருக்கு இடம் கொடுத்தது. அது உலகப் போர்க் காலம். சரக்குக் கப்பல்களை எதிரிகள் மூழ்கடித்து வந்தார்கள். தப்பி வந்த மாலுமிகளும், கணவனைப் பற்றிச் சேதி தெரியாத மனைவிகளும் சங்கத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு அம்மையார் உதவினார்.

அங்கே அவர் ஒன்றைக் கண்டார். தர்ம ஆபீசில் உதவி கேட்பவர் கூனிக் குறுகி நிற்பார். இங்கே யாரும் அப்படி நிற்கவில்லை. சந்தா கட்டிய சங்கம். உதவி கேட்பது உரிமை. அந்த அனுபவத்தை 1951-ல் ஒரு புத்தகமாக எழுதினார்.

சங்கத்தில் அவர் வேலை 1947-ல் முடிந்தது. 1978-ல் அம்மையார் காலமானார். 1985-ல், அவர் பிறந்த நூறாவது ஆண்டில், அமெரிக்க சமூக சேவகர்கள் அவர் பெயரால் ஒரு கழகம் தொடங்கினார்கள்.

பிச்சையாக வரும் உதவி மனிதனைத் தாழ்த்தும். உரிமையாக வரும் உதவி அவனை நிமிர்த்தும். அம்மையாரின் வாழ்க்கை காட்டும் பாடம் இதுவே.