மொழி எவருடைய உடைமை?

ஒரு மொழி எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு கட்டும் உரிமை எவருக்கு? அறைக்குள் கூடும் அறிஞர்களுக்கா? அதை நாள்தோறும் வழங்கும் மக்களுக்கா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்றவர் சாமன்ஹாப். அவர் வரலாற்றைத் தோழர்கள் அறியவேண்டும் என்பது நம் விருப்பம்.

1859-ஆம் ஆண்டு, ஜார் ஆட்சிக்குட்பட்ட பியாலிஸ்டாக் நகரில் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் ஒரே கடைவீதியில் நடந்தனர்; மொழியால் பிரிந்து ஒருவரையொருவர் பகைத்தனர். எவருடைய தாய்மொழியையும் அழிக்காமல், எல்லோருக்கும் இரண்டாம் மொழியாக ஒரு பொதுமொழி வேண்டுமென்று இளமையிலேயே எண்ணினார். கண் மருத்துவரானார். 1887-இல், மாமனார் தந்த பொருளுதவியால், 16 விதிகள் கொண்ட எஸ்பெராண்டோவை வார்சாவில் வெளியிட்டார். அம்மொழி பொதுச்சொத்து, தமக்குத் தனியுரிமை இல்லையென்று முதல் நூலிலேயே எழுதிக் கொடுத்தார்.

திருத்தம் வேண்டுமென்று சிலர் கேட்டபோது, 1894-இல் தாமே திருத்தங்களை வகுத்து, பத்திரிகைச் சந்தாதாரர்களின் வாக்குக்கு விட்டார். பெரும்பான்மையோர் வேண்டாம் என்றனர். பணிந்தார்!

பொதுமொழியைத் தேர்ந்தெடுக்க 1901-இல் பாரிசில் ஓர் அமைப்பு தோன்றியது. கூத்தூரா என்ற தத்துவப் பேராசிரியர் அதன் உயிர்நாடி. 1907-இல் பல நாட்டு அறிவியற் கழகங்களின் சர்வதேசச் சங்கத்திடம் தீர்ப்புக் கேட்டனர், சங்கம் கைவிரித்தது. உடனே தாமே குழு அமைத்தனர். ரசாயன அறிஞர் ஆஸ்ட்வால்ட், மொழியறிஞர் யெஸ்பர்சன் போன்ற மேதைகள் அமர்ந்தனர். எஸ்பெராண்டோவை ஏற்கிறோம், ஆனால் மாற்றவேண்டும் என்றது தீர்ப்பு. மாற்றத்தின் பெயர் இடோ. எஸ்பெராண்டோவுக்கு வாதாடச் சென்ற போஃப்ரானே, இடோவை ஆக்கியவர் தாம்தான் என்று மறு ஆண்டு அறிவித்தார்!

அறிஞர் சொன்னதில் நியாயமே இல்லையென்று நாம் கூறவில்லை. குறியிட்ட எழுத்துகள் அச்சுக்கோப்போருக்குத் தொல்லைதான். ஆனால் மக்களிடம் ஒப்படைத்த பொருளை, அவர்களைக் கேளாமல் மாற்றச் சாமன்ஹாப் இசையவில்லை. புகழ்பெற்றோர் பலர் பிரிந்தனர். பயன்படுத்திய மக்களோ பெரும்பாலும் பிரியவில்லை. 1912-இல் தலைமையையும் துறந்தார். முதல் உலகப்போரின் நடுவே, 1917-இல் மறைந்தார். அவர் மக்கள் மூவரையும் பின்னாளில் நாஜிகள் கொன்றனர்.

அவர் தந்த மொழி சாகவில்லை. இன்றும் பல நாடுகளில் அதைப் பேசுவோர் உண்டு. இடோவை வழங்குவோர் மிகச் சிலரே. குழு தீர்ப்பெழுதலாம். மொழியை வாழவைப்பது மக்களின் நாக்கு!