பால் எர்லிக்

எம் அத்தையார் புற்றுநோய்க்கு மருந்து பெற்றுப் பிழைத்தெழுந்தார். பிழைத்தபின், நாடோறும் பாடிய பாட்டின் அடிகளை இடையிடையே மறந்து வருந்தினார். நோயின் குற்றமோ, மருந்தின் குற்றமோ என யாம் ஐயுற்றோம். இலக்கியம் பயிலும் யாம் ஒரு மருத்துவ அறிஞரின் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்கு அவ்வையமே காரணம்.

பால் எர்லிக் 1854-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள், அந்நாளில் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்திருந்த ஷ்ட்ரேலன் என்னும் ஊரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டிலுள்ளது. மருத்துவம் பயின்ற நாளிலேயே சாயங்களின்மீது இவர்க்குப் பெருவிருப்பம் உண்டாயிற்று. ஒரு சாயம் உடலின் ஒரு பகுதியைப் பற்றி, மற்றொன்றைப் பற்றாது விடுவது ஏன் என்னும் வினா இவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. விலங்கின் குருதியிற் சில சாயங்களைச் செலுத்தினால் ஏனைய உறுப்புக்கள் நிறம் பெற, மூளை மட்டும் பெறாது நிற்பதை 1885-இல் எடுத்துக்காட்டினார். மூளைக்கு அச்சாயத்தின்பாற் பற்றில்லை என்று கருதினார். இவர் மாணவர் எட்வின் கோல்ட்மன், மூளையைச் சூழ்ந்த நீரிற் சாயத்தைச் செலுத்தின் மூளையும் நிறம் பெறும் என்று 1913-இல் காட்டினார். குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடையுண்டு என்பது அதனால் விளங்கிற்று.

நிற்க. சாயம் கிருமியைத் தேடிப் பற்றுமாயின், கிருமியைத் தேடிக் கொல்லும் மருந்தும் உண்டாக்கலாமன்றோ? இவ்வெண்ணத்தோடு ஃபிராங்க்பர்ட் நகரில் எர்லிக் உழைத்தார். 'கீமோதெரபி' என்னும் பெயரை இம்முறைக்கு இட்டவரும் இவரே. அந்நாளில் ஆப்பிரிக்காவில் உறக்கநோய்க்கு அடாக்சில் என்னும் ஆர்செனிக் மருந்து வழங்கப்பட்டது. அதனை உட்கொண்டாருட் சிலர் கண்ணொளி இழந்தனர். ஆகவே அதனைத் திருத்தி ஆர்சசெட்டின் என்பதொன்றைச் செய்து சுண்டெலிகட்கு ஊட்டினர். கிருமிகள் ஒழிந்தன, எலிகளும் பிழைத்தன. ஆயினும் பிழைத்தவற்றுட் சில, கூண்டினுள் ஓயாது சுழன்று சுழன்று ஆடின. உடலை நிலைநிறுத்தும் செவிநரம்பு கெட்டமையே காரணம். நோய் நீங்கியதே போதுமென்று எர்லிக் அவ்வெலிகளைக் கணக்கினின்று நீக்கினாரல்லர். நரம்பைத் தாக்காத மருந்தை மேலும் தேடினார்.

1909-இல் ஜப்பானிய அறிஞர் சகாசிரோ ஹாட்டா வந்து, 606 என்னும் எண்ணிட்ட மருந்து சிபிலிஸ் நோயுற்ற முயல்களைக் குணப்படுத்துவதைக் கண்டார். அஃது 1910-இல் சால்வர்சன் என்னும் பெயரோடு விலைக்கு வந்தது. அதுவும் தீங்கற்றதன்று, 1912-இல் நியோசால்வர்சன் என்னும் திருத்திய மருந்து வெளிவந்தது. 1908-இல் நோபெல் பரிசு பெற்ற இப்பெரியார் 1915 ஆகஸ்டு 20-ஆம் நாள் உயிர் நீத்தார்.

கீமோதெரபி என்றவுடன் இன்று யாவர்க்கும் நினைவில் வருவது புற்றுநோய் மருந்தே. மெத்தோட்ரெக்சேட், ஃபுளோரோயுராசில் என்னும் இரு மருந்துகளைப் பெற்ற சுண்டெலிகள் நினைவுத் தேர்வுகளிற் பின்தங்கின என்று 2006-இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவை புற்றுநோயற்ற எலிகள். ஆதலின் பழியை நோயின்மீது ஏற்றுதற்கில்லை. 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் ஆராய்ச்சியாளர், மெத்தோட்ரெக்சேட் மூளையின் காவலணுக்களைக் கிளர்வித்து, நரம்பிழைகட்கு உறையிடும் அணுக்களின் வளர்ச்சியைக் குலைக்கின்றது என்று எலிகளிற் கண்டனர். அக்காவலணுக்களை வேறொரு மருந்தாற் குறைத்தபோது நினைவாற்றல் மீண்டது. எலிக்கு ஆவது மனிதர்க்கும் ஆகுமென்று துணிதல் இயலாது; ஆயினும் வழியொன்று தெரிகின்றது.

அத்தையாரின் மறதியை முதுமையென்று யாம் சிரித்துத் தள்ளியதுண்டு. அதனை எண்ணி இன்று நாணுகின்றோம். உயிரைக் காத்த மருந்தை யாம் பழிக்கவில்லை. பிழைத்தோர் படும் இடரையும் கணக்கிற் சேர்த்தலே மருத்துவத்தின் நேர்மை என்பதைச் சுழன்றாடிய அவ்வெலிகளின்பால் எர்லிக் கற்றார். அவர்பால் யாம் கற்றோம்.